ஒன்பதாவது முகம்

ரிப்பன் வெட்டிய முதலாளியின் முகத்தைச் சிறுமி கிளி அப்படியே பிடித்துக் காட்டியதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கட்டில், பீரோ, சோபா விற்கும் கடையின் புதுக் கிளைத் திறப்பு விழா அது. கத்தரிக்கோல் மொண்ணை. முதலாளி பல்லைக் கடித்து, ஒரு கண்ணை இடுக்கி, வலது தோளைக் காது வரை தூக்கி, ரிப்பனை வெட்டுவதற்குப் பதில் அறுத்துக்கொண்டிருந்தார். அவர் அறுத்து முடித்து வியர்வையைத் துடைப்பதற்குள் அந்த ஒன்பது வயதுப் பெண் மேடையேறி, இல்லாத கத்தரிக்கோலால் இல்லாத ரிப்பனை அறுத்துக் காட்டிவிட்டாள். முதலாளியே சிரித்தார். சிரிக்காவிட்டால் அதையும் அவள் செய்துகாட்டுவாள் என்ற பயம் அவருக்கு.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர். வீட்டிலும் தெருவிலும் கிளிதான். யாரைப் பார்த்தாலும் அவர்களாகிவிடுவாள். அவளைக் 'கண்டெடுத்தவர்' என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர் அவளுடைய தாய்மாமன், மைக் மாமா. கல்யாணம், கடைத்திறப்பு, பணி ஓய்வு, எதுவானாலும் மைக் அவர் கையில்தான் இருக்கும். 'தொகுப்பாளர்' என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிவிடும். 'மேடைமணி' என்று சொல்ல வேண்டும். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தால் கடைசியில் அவரிடமே வந்து நிற்கும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும், "இந்த இனிய வேளையில் உப்பைச் சற்று இந்தப் பக்கம் நகர்த்துமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பார். கிளியின் அம்மா அவருடைய சொந்தத் தங்கை. உப்பை நகர்த்தி நகர்த்தியே வளர்ந்தவள்.

மாமா கிளிக்கு நவரசம் பழக்கிக்கொண்டிருந்தார். பெரிய போட்டி ஒன்று வரவிருந்தது. சிரிப்பு, அழுகை, கோபம், பயம், வீரம், வியப்பு, அன்பு, அமைதி என்று எட்டு முகமும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்பதாவதான அருவருப்பு மட்டும் வரவே மாட்டேன் என்றது. பிள்ளைக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு தோன்றவில்லை, அதுதான் சங்கடம். அழுகின தக்காளியை மூக்குக்கு நேரே நீட்டினால் மோந்து பார்த்து, "பாவம், யாரும் சாப்பிடல" என்பாள். செத்த கரப்பானைக் காட்டினால் மீசையை எண்ணுவாள். "கலைஞனுக்கு இது ஒரு குறைதான், மச்சான்" என்று மாமா கிளியின் அப்பாவிடம் வருத்தப்படுவார். அப்பாவும் பிள்ளைக்கு ஏதோ சத்துக்குறைவு என்பதுபோல் தலையாட்டுவார்.

அன்று, கைதட்டல் அடங்கும் நேரத்தில், கிளியின் மேலுதடு தானாக உயர்ந்தது. மூக்கு சுருங்கியது. நாக்கு பாதி வெளியே வந்து, எதையோ துப்ப நினைத்து மறந்ததுபோல் உள்ளே போனது. மறுபடியும் உதடு, மூக்கு, நாக்கு.

"வந்துருச்சு!" என்று மாமா மைக்கிலேயே அலறினார். "ஒன்பதாவது முகம் வந்துருச்சு! இந்த வரலாற்று நிகழ்வுக்குச் சாட்சியாக இருக்கும் அன்பர்களே..." அன்பர்கள் இலவசக் குளிர்பானத்தை இடுக்கிக்கொண்டு கைதட்டினார்கள். அப்பா போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுத்தார். அம்மாவும் தட்டினாள். நன்றாகவே தட்டினாள்.

வண்டியில் வீடு திரும்பும்போதும் பின்சீட்டில் அது நடந்துகொண்டிருந்தது.

"போதும்டி, வாய் வலிக்கப்போகுது" என்றாள் அம்மா.

"நான் பண்ணலம்மா."

அப்பா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முன்சீட்டிலிருந்த மாமா முழுசாகத் திரும்பி, "கேட்டியா? இதாம்மா கலை! பண்றதே தெரியாமப் பண்றது!" என்றார். அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. அந்த வருடம் அந்தக் குடும்பத்தில் சொல்லப்பட்ட சிறந்த நகைச்சுவை அதுவென்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்கள். சொன்னவள் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடியில் தெரிந்த தன் வாயை யாரோ ஒருத்தியின் வாயைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு கிளிக்குத் தூக்கம் போயிற்று. சுவரிடம் பேசினாள். மாடி வீட்டு அக்கா கேக் கொண்டுவந்தபோது, தெருச்சண்டையில்கூட யோசித்துச் சொல்லும் ஒரு வார்த்தையைச் சொன்னாள். அக்கா தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "சின்னக் குழந்தை எங்கேயாவது கேட்டுத்தானே பேசும்" என்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் அவள் படியேறிப் போனதும், "அக்காவோட மொகத்தப் பாத்தியா?" என்று சிரித்தார். பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்து, வகுப்பில் முகத்தைக் கோணிக் காட்டுகிறாள், வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்றாள். ஒருநாள் காலை கிளி ஷூ நாடாவின் இரு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, இத எப்பவும் நானா கட்டுவேன்?" என்று கேட்டாள். விளையாட்டாகக் கேட்கிறவள் கண்ணில் இருக்கும் மின்னல் அதில் இல்லை. அம்மா நாடாவைக் கட்டிவிட்டாள்.

இதற்கிடையே அப்பா போட்ட வீடியோ ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. 'விருதை வீட்டுக்கே அனுப்புங்கப்பா' என்று முகம் தெரியாத யார் யாரோ எழுதினார்கள். அப்பா சாப்பிடும்போதுகூட அதைப் படித்தார். அம்மா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர், அவள் கண்ணாடிச் சட்டத்தை அவர் காதுக்குப் பின்னால் வளைத்துச் சரிசெய்துகொண்டிருந்தபோது, "இது உங்க பொண்ணுதானே?" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். சின்னத் திரையில் உதடு, மூக்கு, நாக்கு. அம்மாவுக்குக் குமட்டியது. முந்தின நாள் வரை இனித்தது எப்படிக் குமட்டுகிறது என்று அவளுக்கே புரியவில்லை. "டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் அன்று வீட்டில்.

மாமா சும்மா டாக்டரிடம் கூட்டிப்போகிற ஆள் இல்லை. பெரிய டாக்டரிடமே நேரம் வாங்கினார். அவருடைய ஆஸ்பத்திரி ஆண்டுவிழாவுக்கு இவர்தான் மைக். பெரிய டாக்டரின் அறையில் நான்கு சுவரிலும் பெரிய டாக்டர் இருந்தார். யாரிடமோ கேடயம் வாங்கினார், யாருக்கோ கேடயம் கொடுத்தார். நடுவில் உயிரோடும் ஒருவர் இருந்தார். சுற்றிலும் மூன்று நான்கு இளம் டாக்டர்கள், அவர் தும்மினாலும் குறித்துக்கொள்கிற தோரணையில்.

"டாக்டர் அவர்களே, என் மருமகள் ஒரு பிறவிக் கலைஞர்" என்று தொடங்கினார் மாமா. அம்மா தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. பெரிய டாக்டர் இரண்டு முறை பார்த்தார். இரண்டாவது முறை வாய்விட்டுச் சிரித்தார். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதே முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த கிளியை ஒருமுறை பார்த்தார். அதுவும் அரைமுறைதான்.

"நடிப்பு. கைதட்டலுக்கு ஏங்குது குழந்தை. வீட்டுல யாரும் பார்க்காதீங்க. பார்க்க ஆள் இல்லேன்னா நடிகன் மேக்கப்பக் கலைச்சிட்டு வீட்டுக்குப் போயிடுவான்."

இந்த வாக்கியம் அவருக்கே ரொம்பப் பிடித்துவிட்டது. இளம் டாக்டர்கள் பக்கம் திரும்பி இன்னொரு தடவை, கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள். மாமாவும் மனதில் குறித்துக்கொண்டார், அடுத்த மேடையில் பயன்படும்.

"ஆனா தூங்கவே மாட்டேங்கிறா டாக்டர். நாடா கட்ட மறந்துட்டா" என்றாள் அம்மா.

"அம்மாக்கள்தான் முதல் ரசிகர்கள். ரசிக்காதீங்க" என்றார் பெரிய டாக்டர்.

அப்படித்தான் அந்த வீட்டில் பாராமுகம் தொடங்கியது. கிளி கூடத்துக்கு வந்தால் எல்லாரும் எழுந்து வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தால் அம்மா துப்பட்டாவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். பிள்ளையின் வாயோரம் எச்சில் வழிந்து கழுத்தில் காய்ந்திருந்தது. நாள் முழுக்க அந்நியர்களின் மூக்கு எண்ணெயைத் துடைக்கிற கை, சொந்தப் பிள்ளையின் எச்சிலைத் துடைக்கப் போய்ப் பாதியில் பின்வாங்கியது. அவளுக்கு அருவருப்பாக இருந்தது. குளியலறைக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். நுரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்கு, கழுவுகிற கைமேல்தான் இன்னும் பெரிய அருவருப்பு வந்தது. அதை எந்தச் சோப்பால் கழுவுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர். கிளி பின்னால் எங்கோ இருந்தாள். தொம்மென்று ஒரு சத்தம். பிறகு தரையில் டப், டப், டப் என்று ஒரே தாளம்.

அம்மா நாற்காலியைத் தள்ளினாள்.

"திரும்பாத" என்றார் அப்பா, தட்டைப் பார்த்தபடியே. "திரும்பினா இவ்வளவு நாள் பட்ட கஷ்டம் வீணாப் போயிடும். அதத்தான் அவ எதிர்பாக்குறா."

"ஆமாம்மா" என்றார் மாமா. "நிஜமான வலிப்புல இவ்வளவு ஒழுங்காத் தாளம் வராது. நான் கொடுத்த பயிற்சி இது."

எதிரே கண்ணாடி அலமாரி. உள்ளே கிளி வாங்கின கோப்பைகள், கேடயங்கள். கண்ணாடியில், கோப்பைகளுக்கு மேல் ஒட்டினாற்போல், பின்னால் நடப்பது தெரிந்தது. தரையில் இரண்டு சிறிய குதிகால்கள். ஒன்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் கிடந்த இடத்தில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. ஒன்பது வயசுப் பெண் எந்தக் கைதட்டலுக்காகவும் அதைச் செய்ய மாட்டாள். அம்மா திரும்பினாள். திரும்பினாள் என்பதைவிட நாற்காலியோடு விழுந்தாள் என்று சொல்லலாம்.

இந்த முறை பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிதான், சுவரில் யார் படமும் இல்லாத அவசரப் பிரிவு. ஊசி போட்டு வலிப்பை நிறுத்தினார்கள். கசங்கின கோட்டுப் போட்ட ஒரு பெண் டாக்டர், காலையிலிருந்து உட்காராதவள்போல் கட்டில் கம்பியில் சாய்ந்து நின்று கேட்டாள்: "இதுக்கு முன்னாடி பொண்ணு எப்படி இருப்பா? சாதாரணமா?"

மாமா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை அம்மாவுக்குத் தெரியும். அது முடிந்தால் போன் வெளியே வரும். வீடியோ ஓடும். இவளும் சிரிப்பாள். சிரிக்காவிட்டாலும் மனசில் ஒரு கோடு போட்டுக்கொள்வாள், நடிக்கிற பிள்ளை என்று. அந்தக் கோட்டைத் தாண்டி எந்தப் பரிசோதனையும் வராது.

"டாக்டர் அவர்களே, என் மருமகள் ஒரு பிறவி..."

"அவளுக்கு நடிக்கத் தெரியாது" என்றாள் அம்மா.

மாமா வாயைத் திறந்தபடியே நின்றார்.

"என் பொண்ணுக்கு நடிப்பே வராது டாக்டர். மேடைன்னாலே பயந்து ஒளிஞ்சுக்குவா. ஒரு முகம்கூடச் செய்ய வராது. இப்ப வாய் தானா கோணுது. தூக்கமே இல்ல. கெட்ட வார்த்தை பேசுறா. ஷூ நாடா கட்ட மறந்துட்டா."

"ஏய், என்னம்மா பேசுற? எட்டு முகம் நான் கத்துக்..."

"அண்ணே, வாய மூடு."

பிறந்ததிலிருந்து அவள் அண்ணனிடம் சொன்ன முதல் கெட்ட வார்த்தை அதுதான். மேடைமணி, மைக் பிடுங்கப்பட்ட மனிதன் நிற்கிற மாதிரி, கைகள் வெறுமனே தொங்க நின்றார். பிறகு வெளியே போய்த் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, அங்கே பல் வலிக்காக வந்திருந்த ஒரு முதியவரிடம் தமக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா பையிலிருந்த போனை வெளியில் தெரியாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பெண் டாக்டர் கிளியின் வாயையே வெகுநேரம் பார்த்தாள். அந்த வாயைச் சிரிக்காமல் பார்த்த முதல் ஆள் அவள். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். தலையில் ஒயர்களை ஒட்டி மூளையின் அலையைப் பார்த்தார்கள். பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னாள்.

"மூளையில வீக்கம். கிருமி இல்ல. கிருமிய அடிக்க உடம்பு வச்சிருக்கிற எதிர்ப்பு சக்தி இருக்குல்ல, அது ஆள் மாறி, சொந்த மூளையையே அடிச்சுக்கிட்டிருக்கு. வாய் கோணுறது, பேச்சு மாறுறது, தூக்கம் போறது, வலிப்பு, எல்லாம் அதனாலதான். நிறையப் பிள்ளைங்கள இப்படித்தான் பிடிவாதம், நடிப்புன்னு முதல்ல விட்டுடுவாங்க. நீங்க அது இல்லேன்னு தெளிவாச் சொன்னீங்க, நல்லதாப் போச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தன் வாழ்க்கையில் பாராட்டு வாங்கிய ஒரே பொய்.

ஸ்டீராய்டு ஏற்றினார்கள். பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். கிளி வாரக்கணக்கில் பேச்சற்றுக் கட்டிலில் கிடந்தாள், மூக்கில் குழாய், அதைப் பிடுங்காதிருக்க மணிக்கட்டுகளில் துணிக்கட்டு, அம்மாவைத் தாண்டி எதையோ பார்க்கும் கண். அப்பா வந்து கால்மாட்டில் உட்காருவார். "அன்னிக்கே சொன்னாளே, நான் பண்ணலேன்னு" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்த நகைச்சுவையை யாரும் மறுபடி சொல்லவில்லை. ஒருநாள் சாயங்காலம், நர்ஸ் போர்வையை இழுத்துவிட்டபோது, கிளி கண்ணைத் திறந்து, மாடி வீட்டு அக்காவுக்குச் சொன்ன அதே வார்த்தையைத் தெளிவாகச் சொன்னாள். எந்தப் பிள்ளையின் முதல் பேச்சுக்கும் எந்தத் தாயும் அப்படி அழுதிருக்க மாட்டாள். வராந்தாவில் ஓடி, எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "பேசிட்டா, எம் பொண்ணு பேசிட்டா" என்றாள். என்ன பேசினாள் என்று கேட்டவர்களுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது பெண் டாக்டர் சொன்னாள்: "மெதுவாத்தான் சரியாவா. மாசக்கணக்காகும். திரும்பி வரவும் வாய்ப்பிருக்கு. தூக்கம் போனா, பேச்சு மாறினா, வாய் அந்த மாதிரி அசைஞ்சா, யோசிக்காமத் தூக்கிட்டு வாங்க."

"அவளே வேணும்னு பண்ணா?" என்று அம்மா தயங்கிக் கேட்டாள். "எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிய பேனாவை மூடினாள். அந்தப் பொய் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்க வேண்டும், அவளிடமும் போன் இருந்திருக்குமே. "அவகிட்டயே கேளுங்க. அவ சொல்றத நம்புங்க."

இப்போதுதான் பெரிய டாக்டர் மறுபடி கதைக்குள் வருகிறார். செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. மாமாவைத் தேடிப்பிடித்துப் பேசினார். "அன்னிக்கே எனக்கு ஒரு நெருடல் இருந்துது. பதற வேண்டாமேன்னுதான் மென்மையா நடிப்புன்னு சொல்லிவச்சேன்" என்றார். தேர்ந்த மருத்துவர்களின் மாநாடு ஒன்றில் இந்த நோயைப் பற்றி அவர் பேசப்போகிறாராம். அந்த வீடியோ கிடைக்குமா? ஆரம்ப அறிகுறி அவ்வளவு துல்லியமாக, அவ்வளவு நல்ல வெளிச்சத்தில், முழுமுகமாகப் பதிவானது அபூர்வமாம். மாமாவின் கண் பனித்தது. தண்ணீர்க் குழாய்ப் பக்கத்து அவமானமெல்லாம் ஒரே நொடியில் கரைந்தது. "உலக மேடைம்மா!" என்றார் தங்கையிடம். "கடைசியில அந்த ஒன்பதாவது முகம்தான் அவளத் தூக்கிவிடுது பாத்தியா?" அவர் அப்போதே அனுப்பியும்விட்டார். அம்மா சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் புளித்த நீர் ஊறியது. தொட்டியில் துப்பினாள்.

அதோடு விட்டாரா? கிளி வீட்டுக்கு வந்த பின் ஒரு ஞாயிறு, கூடத்தில் நாற்காலி போட்டு, கைப்பிடி வைத்த ஸ்பீக்கரை மூலையில் வைத்து, 'மீண்டு வந்த கலைஞர்' என்று ஒரு சிறு கூட்டம் நடத்தினார். அம்மா வேண்டாம் என்றாள். "நாலே நாலு பேரு, நன்றி சொல்ல வேண்டாமா?" என்றார் அப்பா. நாலு பேர் நாற்பது பேராயினர். மாடி வீட்டு அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, "நான் அன்னிக்கே நெனச்சேன், இது குழந்தை பேசுற பேச்சே இல்லேன்னு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிறப்பு விருந்தினர் பெரிய டாக்டர். பூங்கொத்தைத் தாமே கொண்டுவந்து, மாமா கையில் கொடுத்து, மாமா கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கசங்கின கோட்டு டாக்டரை அழைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கு அவள் முகமே நினைவில்லை.

கிளி நடுநாற்காலியில் இருந்தாள். மருந்தால் கன்னங்கள் உப்பி, கண்கள் சிறுத்து, யாரோ ஊதிவைத்த கிளிபோல் இருந்தாள். பேச்சு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் வந்தது. ஷூ நாடாவை மறுபடி கட்டப் பழகியிருந்தாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் யாரையும் செய்துகாட்டவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கண்டால் தாண்டிப் போய்விடுவாள். முந்தின ராத்திரி தூங்கினாளா, விழித்துக் கிடந்தாளா என்று அம்மாவுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரே கட்டிலில் படுத்தும், களைப்பில் இவள் தூங்கிப்போயிருந்தாள். காலையிலிருந்து அந்த ஒரு சந்தேகம் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்திக்கொண்டிருந்தது.

"எமனோடு மல்லுக்கு நின்று, நம் பெரிய டாக்டரின் கைராசியாலும், என் எளிய பயிற்சியாலும்..." என்று மாமா மைக்கில் குரலை ஏற்றி இறக்கினார். பெரிய டாக்டர் புகழ்ச்சியைத் தாங்க முடியாதவர்போல் கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் குறைத்துப் பேசியபோது திறந்து பார்த்தார். அப்பா போனை உயர்த்தினார். அம்மா முறைத்ததும் பாதி இறக்கினார்.

"இப்போது, அன்பர்களின் வேண்டுகோளுக்கு இணங்க, ஒரே ஒரு முகம்" என்றார் மாமா. அன்பர்கள் யாரும் வேண்டவில்லை. ஆனால் சொன்னதும் வேண்டத் தொடங்கினார்கள். "ஒண்ணே ஒண்ணு கிளி! மாமாவுக்காக! டாக்டர் அங்கிளுக்காக!" மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார்.

கிளி மைக்கைப் பார்த்தாள். மைக்குக்குப் பின்னால் இருந்த மாமாவைப் பார்த்தாள். பூங்கொத்தோடிருந்த பெரிய டாக்டரைப் பார்த்தாள், முன்வரிசையில் ஈரக் கண்ணோடிருந்த அக்காவைப் பார்த்தாள். ஒவ்வொருவரையும் அவசரமில்லாமல், தக்காளியை மோந்து பார்த்த அந்தப் பழைய நிதானத்தோடு பார்த்தாள்.

மேலுதடு உயர்ந்தது. மூக்கு சுருங்கியது. நாக்கு பாதி வெளியே வந்து, உள்ளே போனது.

கூடம் அதிர்ந்தது. அக்கா எழுந்து நின்றே தட்டினாள். "அப்படியே இருக்கா! ஒண்ணும் மறக்கல!" என்று மாமா கத்த, ஸ்பீக்கர் கூடவே கீச்சிட்டது. பெரிய டாக்டர் பூங்கொத்தை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

அம்மா எப்போது எழுந்தாள், யார் காலை மிதித்துக்கொண்டு போனாள் என்று அவளுக்குத் தெரியாது. மகளின் முன்னால் முழங்காலிட்டு, கடைக்கு வந்தவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவள்போல், அந்த உப்பின முகத்தை இரண்டு உள்ளங்கைக்குள் ஏந்தினாள். சுண்டுவிரல்கள் காதுக்குப் பின்னால், கட்டைவிரல்கள் வாயோரத்தில்.

"கிளி, என்னப் பாரு. இது நீயா பண்றியா?"

கைதட்டலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. கிளியின் கண்கள் அம்மாவிடம் வந்தன, மறுபடி அம்மாவின் தோளுக்கு மேல், தட்டிக்கொண்டிருந்த கைகளிடம் போயின. பதிலுக்கான வார்த்தையைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. எதுவும் சிந்திவிடக் கூடாது என்பதுபோல் அந்த முகத்தை அசையாமல் ஏந்தியபடி அம்மா காத்திருந்தாள். அவள் கட்டைவிரல்களுக்கு அடியில் உதடு மறுபடி மெல்ல உயர்ந்தது.